முதலாளி வீட்டு மாப்பிள்ளை

பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரே மாதிரியான வெள்ளைக் கால்சட்டைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் இத்தனை ஆண்பிள்ளைகளா என்று முதல் வாரம் பயந்துபோனேன். என் கணவர் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் நானும் கைக்குழந்தையும் மட்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கதவைப் பூட்டியே வைத்திருப்பேன். ஒரு நாள் அந்தத் துணிகளைக் காயப்போடுகிற பெண்ணே வந்து கதவைத் தட்டினாள். இடுப்பில் என் மகன் வயதில் ஒரு பெண்குழந்தை.

"பயந்துடாதீங்க ஹனி. அது மொத்தமும் எங்க டீம் துணி. எனக்கு வீட்டுக்காரர் ஒருத்தர்தான்" என்றாள். யாராக இருந்தாலும் அவளுக்கு ஹனிதான், நம் ஊர்க் கண்ணு மாதிரி. அவள் பேசியது என்னவோ ஆங்கிலம்தான். என் நினைவில் எல்லாமே தமிழாகித்தான் நிற்கிறது.

எண்பதுகளின் நடுவில் கலிபோர்னியாவில் நாங்கள் இருந்த ஊர் அது. வேலை இருந்த பக்கம் வாடகை கட்டுப்படியாகாது என்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தோம். பாதாம் தோப்புகள், தக்காளி லாரிகள், ஜூன் மாதமே நெல்லை வெயில். மலை மேல் வரிசையாகக் காற்றாலைகள் நட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர். குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

அந்த ஊருக்கு ஒரு பேஸ்பால் டீம் இருந்தது. அதன் சொந்தக்காரர் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அப்பா. பெரியவர் என்றே சொல்கிறேன். அவர் அப்பா காலத்தில் வாங்கிய டீமாம். பெரியவரே காலையில் மைதானத்துப் புல்லை வெட்டுவார். அவர் மனைவி பின்னால் ஒரு கொட்டகையில் நின்று பன்னும் தொத்திறைச்சியும் சுட்டு விற்பார். மூத்த மகன் மைக் பிடிப்பார், இளையவர் வாசலில் டிக்கெட் கிழிப்பார். மகள் துணி துவைப்பாள். அந்த மகளின் கணவர்தான் அவர்களுடைய பிட்சர், அதாவது பந்து போடுகிறவர். இடதுகைக்காரர்.

அந்த விளையாட்டில் உச்சியில் இருக்கும் டீம்களைத்தான் டிவியில் காட்டுவார்கள். அதற்குக் கீழே படிப்படியாகச் சின்ன டீம்கள். சின்ன டீம்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பெரிய டீமுக்குப் பிள்ளை வளர்த்துக் கொடுக்கிறவை. பெரியவருடைய டீம் அப்படி யாரோடும் சேராதது. மேலே யாரும் வேண்டாம் என்று விட்டவர்களும், யார் கண்ணிலாவது படமாட்டோமா என்று காத்திருப்பவர்களும்தான் அங்கே ஆடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நியூஜெர்சியிலிருந்து இருபத்து மூன்று வயதில் அப்படிக் காத்திருக்க வந்தவர். ஒரு சீசன் ஆடிவிட்டுப் போய்விடலாம் என்று வந்தாராம். டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். நாங்கள் பார்க்கும்போது அவருக்கு முப்பத்தொன்று.

"நம்ம ஊர்ல இதுக்கு ஒரு பேரு இருக்கு" என்று ஒரு நாள் வேலிப் பக்கம் நின்று அவளிடம் சொன்னேன். "வீட்டோட மாப்பிள்ளை."

அவள் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "கெட்ட வார்த்தையா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"மாமனார் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடறவருன்னு ஊர்ல கேலி பண்ணுவாங்க."

"எங்க அம்மா போடற அந்த ஹாட்டாக் சாப்பாடுன்னா, பாவம், கேலி பண்றவங்க சாப்பிட்டுப் பாக்கணும்" என்று சிரித்தாள். ஆனால் அதை அவரிடம் சொல்ல மாட்டேன் என்றாள். ஏற்கெனவே டீமில் அவரை எல்லாரும் மருமகன் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அவர் நன்றாகப் போட்டால், முதலாளி வீட்டுப் பிள்ளை, பயமில்லாமல் போடுகிறான் என்பார்கள். மோசமாகப் போட்டால், முதலாளி வீட்டுப் பிள்ளை, யார் வெளியே அனுப்பப் போகிறார்கள் என்பார்கள். "தன்னோட கையால இங்க நிக்கறோமா, என் கழுத்து மோதிரத்தால நிக்கறோமான்னு அவருக்கே தெரியல" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். கல்யாண மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில்தான் போட்டிருப்பாள். எப்போதும் சோப்புத் தண்ணீரில் கை.

என் கணவர் கல்லூரியில் கிரிக்கெட்டில் ஸ்பின் போட்டவர். கை முழங்கையில் மடங்காமல் எப்படிப் பந்தை விடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் அந்த பிட்சருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் முயன்று பார்த்தார். பந்து எங்கள் ரோஜாத் தொட்டியில் போய் விழுந்தது. மகள் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ப்ரொஃபசர், எங்க மாப்பிள்ளை கையைக் கெடுத்துடாதீங்க. அது ஒண்ணுதான் இந்தக் குடும்பத்துல இடதுபக்கம்" என்றார். என் கணவர் ப்ரொஃபசர் இல்லை. பெரியவர் அப்படித்தான் கூப்பிடுவார். என் கணவருக்குப் பெரியவரை ரொம்பப் பிடிக்கும். அவரைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெரியப்பா மாதிரி இருக்கிறது என்பார். சத்தமாகப் பேசுவது, யார் வந்தாலும் சாப்பிடச் சொல்வது, எல்லா முடிவையும் தானே எடுப்பது.

மே மாதம் ஒரு மத்தியானம் அந்த பிட்சர் வாசலில் வந்து நின்றார். அவள் இல்லாமல் அவர் மட்டும் வந்தது அதுதான் முதல் தடவை. நான் கதவைப் பாதி திறந்து, குழந்தையை முன்னால் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

"உங்க வீட்டு போன் நம்பரை ஒருத்தருக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டார். அவர்கள் வீட்டு போன் அடித்தால் மைதானத்து ஆபீஸிலும் சேர்ந்து அடிக்கும். டிக்கெட் கேட்டு வருகிற அழைப்புகளை மகள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும் என்று பெரியவர் ஒரே லைனாகப் போட்டு வைத்திருந்தார். எடுத்தால் இரண்டு பக்கமும் கேட்கும்.

"என்கூட முன்னாடி ஆடினவர். இப்போ மேல உள்ள ஒரு டீம்ல கோச்சா இருக்கார். கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம். கூப்பிட்டா எனக்குச் சொல்லுங்க."

சரி என்றேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை நான் பல தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். "எனக்குச் சொல்லுங்க" என்றால் எனக்கு மட்டும் என்றுதான் பொருளா?

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த அழைப்பு வந்தது. குழந்தைக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பேசினவர் அவசரமாகப் பேசினார். அவர்களுடைய இடதுகை பிட்சர் ஒருவருக்கு அடிபட்டுவிட்டது; செவ்வாய்க்கிழமை காலைக்குள் இவர் அங்கே வந்து நின்றால் மீதி சீசனுக்கு இடம் உண்டு; அது உச்சிக்கு ஒரு படி கீழே உள்ள டீம். "இந்த வயசுல இன்னொரு தடவை கேக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க. பையைத் தூக்கிட்டு நேரா வரச் சொல்லுங்க. வந்து நின்னுட்டா மாமனார் இவரை விடுவிக்கற காகிதத்துல கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். மேலேர்ந்து கேட்டா மறுக்கறது வழக்கமில்ல." நம்பரைச் சொன்னார். ஒரு பழைய உறையின் முதுகில் எழுதி, அவரிடமே திருப்பிப் படித்துக் காட்டினேன்.

பிட்சர் ஊரில் இல்லை. டீம் பஸ்ஸில் வெளியூர் போயிருந்தது. ஞாயிறு விடியத்தான் திரும்பும். பக்கத்து வீட்டில் அவள் இருந்தாள். கொடியில் துணி போடுவது என் சமையலறை ஜன்னலில் தெரிந்தது.

அவளுக்கு இது தெரியுமா? தெரிந்தால் ஏன் அவள் வந்து போன் நம்பர் கேட்கவில்லை? தெரியாது என்றால், கணவர் மனைவியிடம் சொல்லாத ஒன்றை நான் போய்ச் சொல்லலாமா? சொல்லி அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டால்? சொல்லாமல் இருந்து, பிறகு தெரிந்து, நீயெல்லாம் ஒரு சிநேகிதியா என்று கேட்டால்? எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவள் நான். இரண்டு பக்கமும் சரியாகத் தெரிகிற சமன்பாட்டை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு தடவை வேலிக்கு வந்து, "என்ன ஹனி, முகம் வாடியிருக்கு? பையனுக்குப் பல்லு முளைக்குதா?" என்று கேட்டாள். "ஆமா, பல்லுதான்" என்றேன்.

என் கணவர் சனிக்கிழமையும் வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்ததும் சொல்லிவிட்டேன்.

"சே! இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?" என்று குதித்தார். "மேல உள்ள டீம்னா சும்மாவா? இந்த மனுஷன் கையில ஏதோ இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"என்னங்க, மொதல்ல அவருகிட்ட சொல்லணும்."

"காலையில வந்துருவாருல்ல? சர்ச்சுக்கு முன்னாடி பாத்துச் சொல்லிருவோம்."

காலையில் அவர்கள் வீட்டு வாசலில் அவருடைய கார் நின்றது. ஜன்னல் திரை மூடியிருந்தது. விடிய விடிய பஸ்ஸில் வந்த மனிதரை எப்படி எழுப்புவது? அவள் ஏற்கெனவே குழந்தையோடு அம்மா அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். ஞாயிறு சர்ச்சுக்கு அவர்கள் எல்லாரும் ஒரே காரில்தான் வருவார்கள். "தூங்கட்டும். ஆராதனை முடிஞ்சு வந்து சொல்லிக்கலாம்" என்றேன். ஆம், அதைச் சொன்னது நான்தான்.

எங்களுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். கலிபோர்னியாவில் எங்களுக்கு ஏற்ற சபை எது என்று தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று அவர்கள் சர்ச்சுக்கே போய்க்கொண்டிருந்தோம். பெரியவர் குடும்பத்துக்கு முன்னால் இரண்டாவது பெஞ்சு. நாங்கள் கடைசிக்கு முந்தையது, குழந்தை அழுதால் வெளியே போக வசதியாக. பாட்டு முடிந்து பிரசங்கத்துக்கு முன்னால் பாஸ்டர் வழக்கம்போல, "யாருக்காவது பகிர்ந்துகொள்ள மகிழ்ச்சியான செய்தி இருக்கிறதா?" என்று கேட்டார். யாராவது ஒரு பாட்டியம்மா எழுந்து பேத்தி பிறந்ததைச் சொல்வார். ஒருவர் இடுப்பு ஆபரேஷன் நன்றாக முடிந்ததைச் சொல்வார். நாங்கள் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

அன்றைக்கு என் பக்கத்தில் பெஞ்சு லேசாக எழும்பியது. திரும்பினால் என் கணவர் நின்றுகொண்டிருக்கிறார்.

அவர் கெட்ட எண்ணத்தில் எழுந்திருக்கவில்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். எங்கள் சபையில் ஒருவன் பாஸானால், வேலை கிடைத்தால், பெண் பார்த்து முடிவானால், ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுக் காரணத்தையும் எழுதிக் கொடுப்போம். அதை ஐயர், அதாவது எங்கள் சபைப் பாதிரியார், சத்தமாக வாசிப்பார். அவனுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போடுவதும் உண்டு. அப்படிப் போடுவது பெருமை, அன்பு. நல்ல செய்தியை அடைத்து வைத்தால்தான் குற்றம்.

"எங்க பக்கத்து வீட்டுச் சகோதரருக்காக தேவனுக்கு நன்றி சொல்றேன்" என்று ஆரம்பித்தார். அழகான ஆங்கிலம். மனப்பாடம் செய்திருந்தார் போலிருக்கிறது. "நேத்து அவருக்கு மேல உள்ள ஒரு டீம்ல இருந்து அழைப்பு வந்திருக்கு. இத்தனை வருஷம் பொறுமையா உழைச்சவருக்கு ஒரு பெரிய கதவு திறந்திருக்கு. அவரை வளர்த்த இந்தக் குடும்பத்தையும் தேவன் ஆசீர்வதிக்கட்டும்."

நான் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். முடிந்துவிட்டது. சர்ச் முழுவதும் கைதட்டியது. சிலர் எழுந்து திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவது பெஞ்சில் யாரும் தட்டவில்லை. பெரியவர் மெதுவாகத் திரும்பி என் கணவரைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்தார். அவர் மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் முந்தின நாள் மத்தியானம் முழுவதையும் செலவழித்திருந்தேன். பதில் இப்போது கிடைத்தது.

காரில் ஏறினதும் அழுதுவிட்டேன்.

"எதுக்கு எழுந்திருச்சீங்க? அவருக்கே இன்னும் தெரியாதே!"

"நல்ல விஷயந்தானே? நம்ம ஊர்ல ஒருத்தனுக்கு பேங்க்ல வேலை கிடைச்சா, ஆர்டர் கைக்கு வர முன்னாடி கோயில்ல வாசிச்சிருதாங்க."

"அது நம்ம ஊரு. இங்க அவருக்கு மாமனார்தான் மொதலாளி."

"மொதலாளின்னா? மாப்பிள்ளை முன்னுக்கு வந்தா மாமனாருக்குச் சந்தோஷம் இருக்காதா?" என்றார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. பிறகு, "சீக்கிரம் போவோம். வீட்ல இருப்பாரு" என்று வண்டியை விரட்டினார்.

இல்லை. அவருடைய கார் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியான ஆட்டம். நாங்கள் அப்படியே மைதானத்துக்குப் போனோம். ஆட்டக்காரர்கள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரமாகப் போய் நின்றேன். தூரத்தில் அவர் யாருக்கோ பந்து போட்டுக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன். என் மகனைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். வாருங்கள் என்று சைகை செய்தேன். அவர் திரும்பவும் தொப்பியைத் தூக்கினார். பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கலாம். அடுத்த வீட்டு ஆணை மைதானத்தில் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மூத்த மகன் மைக்கில், "அப்பா ரெண்டு வார்த்தை சொல்லணுமாம்" என்றார். பெரியவர் சர்ச்சுக்குப் போட்ட அதே சட்டையோடு மைதானத்து நடுவில் வந்து நின்றார். அவர் கோபமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கு வயதாகிறது, அடுத்த வருடத்திலிருந்து இந்த டீமை நடத்தப் போகிற மேனேஜர் என் மருமகன், அவனைப் பெறாமல் பெற்றேன், எனக்குப் பிறகு இதில் என் பிள்ளைகளுக்கு எவ்வளவோ அவனுக்கும் அவ்வளவு என்றார். மரப்படிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து தட்டினார்கள். தக்காளி லாரி ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், பல வருடமாக அவரைப் பார்த்தவர்கள். அந்தத் தட்டலில் பொய்யே இல்லை. மருமகன் ஆட்டக்காரர்கள் வரிசையிலிருந்து வெளியே வந்தார். பெரியவர் அவரைக் கட்டிக்கொண்டார். மருமகனின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சந்தோஷம்தான் இருந்தது. தனக்கு வேறொரு அழைப்பு வந்திருப்பது அவருக்கு அப்போதும் தெரியாது.

பெரியவர் திட்டம் போட்டு அப்படிச் செய்தாரா, பயத்தில் செய்தாரா என்று எனக்கு இன்னமும் சொல்லத் தெரியவில்லை. பயம் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை வெளியூர் போகிறேன் என்றால் அவசரமாகப் பெண் பார்க்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் முடிந்து பிட்சர் தானாகவே வேலிக்கு வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"போன் வந்துச்சாமே."

"நேத்து மத்தியானம். செவ்வாய்க்கிழமை காலைக்குள்ள வரணுமாம்." உறையைக் கம்பி இடுக்கு வழியாகக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

"சர்ச்சுல கைதட்டினாங்களாமே?"

"ஆமா."

"நல்லா தட்டினாங்களா?"

"நல்லா தட்டினாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் வந்தாள். உட்காரவில்லை. என் கணவர் எழுந்து, "என் மேல தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றார். "உங்களை ஒண்ணும் சொல்ல வரல" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"நேத்து வேலிகிட்ட வந்து நின்னேனே. ஏன் என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியுமா தெரியாதான்னு தெரியல. உங்க அப்பாகிட்ட நீ..."

"நான் அப்பா பொண்ணுன்னு நெனச்சுட்டீங்க."

நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அவரும் அப்படித்தான் நெனச்சிருக்கார். அதான் என்கிட்ட சொல்லாம உங்க நம்பரைக் குடுத்திருக்கார்." எங்கள் அடுப்பு மேல் கிடந்த கைத்துணியை எடுத்து மடித்தாள். "தெரிஞ்சிருந்தா நானே பை கட்டி வச்சிருப்பேன் ஹனி. விடிய பஸ் வந்து நிக்கும்போது கார்ல ஏத்தி நேரா ஏர்போர்ட்டுல விட்டிருப்பேன். அப்பா எழுந்திருக்கறதுக்குள்ள போயிருப்பார்."

"இப்பவும் போகலாமே. நாளைக்கு ஒரு நாள் முழுசா இருக்கே."

"ஊரே எழுந்து தட்டினதுக்கு அப்புறமா?" என்றாள். "எங்க அப்பா அழுததுக்கு அப்புறமா?"

திங்கட்கிழமை காலையில் அவர் எங்கள் சமையலறைக்கு வந்து போன் செய்தார். நான் நகர்ந்து போக வேண்டுமா, அங்கேயே நிற்க வேண்டுமா என்று தெரியாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் பேசின பக்கம் மட்டும் காதில் விழுந்தது.

"ஆமா, நான்தான்... இல்ல, கை நல்லாத்தான் இருக்கு. இந்த வருஷம் போன வருஷத்தைவிட நல்லா இருக்கு... இல்ல. வர முடியாது... அடுத்த வருஷம் இங்க மேனேஜர்... ஆமா, மாமனார் டீம்தான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "தெரியும். கேக்க மாட்டாங்க, தெரியும்... இல்லல்ல, சந்தோஷம்தான்."

போனை வைத்துவிட்டு, முறுக்கிக்கிடந்த வயரைப் பிரித்துவிட்டுக்கொண்டு நின்றார். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. திரும்பக் கூப்பிடுங்கள், மனசு மாறிவிட்டது என்று சொல்லுங்கள், உங்கள் மனைவியே பை கட்டித் தருவாள், அவளைக் கேட்டீர்களா என்று. அவர்கள் இருவரும் இதைப் பேசிக்கொண்டார்களா என்றே எனக்குத் தெரியாது. தெரியாமல் நடுவில் புகுந்தவரால்தான் இவ்வளவும் என்று ஒரு பக்கம். பேசாமல் இருந்ததால்தான் இவ்வளவும் என்று இன்னொரு பக்கம்.

"காபி குடிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"குடிக்கலாம்" என்றார்.

அந்த சீசன் மீதி ஆட்டங்களில் அவர் நன்றாகவே போட்டார். முன்பைவிட நன்றாக என்று என் கணவர் சொல்வார். அவர் கை விழுந்துபோயிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்ததற்கு ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த வருடம் அவர் மேனேஜர் ஆனார். மேனேஜர் என்றால் பஸ் ஓட்டுவதும் அவர்தான், யாரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று சொல்வதும் அவர்தான். பந்து போடுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் ஒரு ஆட்டத்துக்குத்தான் போனோம். பெரியவர் பழையபடி, "ப்ரொஃபசர்! சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டார். அவருக்கு எங்கள் மேல் கோபமே இல்லை. அவருக்கு எதற்குக் கோபம்? அவருக்கு எல்லாம் நல்லபடி முடிந்திருந்தது.

அந்த வருடக் கடைசியில் என் கணவருக்கு டெக்சஸில் வேலை கிடைத்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஊரில் மாமாவுக்குக்கூட வீடு மாறின பிறகுதான் எழுதினார். மாமாவுக்கு அதில் இன்றும் மனத்தாங்கல். புது சபையில் அப்படி எழுந்து நல்ல செய்தியைச் சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்தால் என் கணவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார். முன்பெல்லாம் ஊரில் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிற மனிதர். அவரையும் ஏதோ ஒரு விதத்தில் அங்கே விட்டுவிட்டு வந்தது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அவளும் நானும் எப்போதாவது போனில் பேசிக்கொள்கிறோம். எனக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்த பிறகு ஒரு நாள் கூப்பிட்டாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசினேன்.

"இங்க ஒரு கூத்து நடந்துச்சு ஹனி" என்றாள். "எங்க டீம்ல ஒரு இடதுகைப் பையன். இருபத்திரண்டு வயசு, நல்லா போடுவான். போன மாசம் மேல ஒரு டீம்ல இருந்து கேட்டாங்க. இவர்தான் போனை எடுத்தார். அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. என்னை எழுப்பி, பையனுக்குச் சட்டை துவைச்சிருக்கான்னு மட்டும் கேட்டார். அவனைத் தானே கார்ல ஏத்தி ஏர்போர்ட்டுல விட்டுட்டு வந்துதான் விஷயத்தைச் சொன்னார்."

"அப்பா என்ன சொன்னார்?"

"சத்தம் போட்டார். சீசன் நடுவுல நம்ம நல்ல பிட்சரை அனுப்பினா நம்ம கதி என்ன, இந்தக் குடும்பத்தை யாரு நெனச்சுப் பாக்கறதுன்னு. இவர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். 'அவன் உங்க மாப்பிள்ளை இல்லையே.' அவ்வளவுதான். அப்பா உள்ள போய்ப் படுத்துட்டார்."

நான் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். "அந்தப் பையன் நல்லா இருக்கானா?" என்று கேட்டேன்.

"எங்க! திரும்பி வந்துட்டான். மூணு வாரம் தாங்கல. அங்க அடிச்சுத் துவைச்சு அனுப்பிட்டாங்க." சிரித்தாள். நானும் சிரித்தேன். "ஆனா வந்ததுலேர்ந்து அவன் வாய் மூடல. பஸ்ல எல்லாருக்கும் அந்தக் கதைதான். அங்க மைதானம் எப்படி, ஹோட்டல் எப்படி, கூட்டம் எப்படின்னு. இவர் வண்டி ஓட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டு வராராம்."

"அவர் ஒண்ணும் கேக்க மாட்டாரா?"

"ஒரு தடவை கேட்டாராம். பந்து அங்க கையில எப்படி இருந்துச்சு, இங்க உள்ளது மாதிரியேதானான்னு."

"அதுக்கு அந்தப் பையன் என்ன சொன்னானாம்?"

"இதே பந்துதான், ஒரு வித்தியாசமும் இல்லன்னு சொன்னானாம்."

பிறகு அவள் என் பெண்ணுக்கு என்ன எடை என்று கேட்டாள். சொன்னேன்.